சொந்த சர்வருக்கு உள்நுழைவுச் சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் காட்பாடியில் இரண்டு கல்லூரி மாணவர்கள், வாடகை சர்வரில் தாங்கள் அமைத்த ஆத்தெலியாவைக் காட்டினார்கள்; செயலிகளுக்குள் நுழைபவர் யார் என்று சரிபார்க்கும் உள்நுழைவுச் சேவை அது. உள்நுழைவுப் பக்கம் கடவுச்சொல்லையும் ஆறு இலக்க எண்ணையும் முறையாகக் கேட்டது. நான் சர்வரின் ஐபி முகவரியோடு அதன் பின்னால் இருந்த கோப்புச் செயலியின் போர்ட் எண்ணையும் (சர்வரில் அந்தச் செயலிக்கான வாசல் எண்) சேர்த்து உலாவியில் தட்டினேன்; ஒன்றுமே கேட்காமல் கோப்புகள் அனைத்தும் திறந்துகொண்டன. நானும் ஒருகாலத்தில் இதே தவறைச் செய்தவன். எளிய கடவுச்சொல் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசலைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைப்பது

உள்நுழைவுச் சேவை தானாக எதையும் காப்பதில்லை. என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி, அதாவது செயலிகளுக்கு முன் நின்று கோரிக்கைகளை வாங்கும் மென்பொருள், ஒவ்வொரு கோரிக்கையையும் அதனிடம் காட்டி, அனுமதி கிடைத்த பிறகே செயலிக்கு அனுப்புகிறது. ப்ராக்ஸி வழியாக வராத கோரிக்கை உள்நுழைவுச் சேவையின் கண்ணில் படுவதே இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் அலுவலகத்துக்கு சர்வர் அமைத்தபோது, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அரண்) 22, 80, 443 போர்ட்டுகள் தவிர மற்றவற்றை அடைத்துவிட்டதாக நம்பினேன். ஆனால் செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் "8080:80" (சர்வரின் 8080ஐப் பெட்டிக்குள் இருக்கும் 80உடன் இணை) என்று எழுதினால், டாக்கர் தன் விதிகளை, லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தானே சேர்த்துக்கொள்ளும். அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலேயே உள்ளே போய்விடும். யுஎஃப்டபிள்யூவிடம் நிலையைக் கேட்டால், 8080க்கு அனுமதி இல்லை என்றே பட்டியல் காட்டும். நான்கு மாதம் அவர்களுடைய விலைப்பட்டியல்கள் திறந்து கிடந்தன. சர்வரின் பதிவேட்டில் அறியாத முகவரிகளைக் கண்ட மறுநாள், உரிமையாளரின் எதிரே அமர்ந்து அதை நானே சொல்ல வேண்டியிருந்தது.

உள்நுழைந்தவர் யார் என்று ப்ராக்ஸி கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் வரியான "ரிமோட்-யூசர்" ஹெடரை நம்பும்படி அமைத்த செயலி என்றால் ஆபத்து இன்னும் பெரிது. நேரடியாக எட்ட முடிந்தவர் அதில் நிர்வாகியின் பெயரை எழுதி அனுப்பினாலே நிர்வாகியாகிவிடுவார்.

ப்ராக்ஸி சர்வரில் நேரடியாக ஓடினால் "127.0.0.1:8080:80" என்று எழுதுங்கள்; அப்போது அந்த போர்ட்டை சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்ட முடியும். ப்ராக்ஸியும் டாக்கரில் இருந்தால், செயலியின் போர்ட் வரியையே நீக்கிவிட்டு இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வையுங்கள். பிறகு மொபைல் டேட்டாவிலிருந்து அந்த போர்ட்டைத் தட்டிப் பாருங்கள், திறக்கவே கூடாது.

கடிகாரம்

ஆறு இலக்க எண் நேரத்தை வைத்து 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. வேலூரில் வீட்டிலேயே பழைய கணினியை சர்வராக வைத்திருப்பவர்கள் மின்வெட்டுக்குப் பிறகு நேரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் நேரம் பின்னால் போய், சரியான எண்ணும் மறுக்கப்படும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியை இயக்கி வையுங்கள்.

ரகசியச் சாவி

உள்நுழைவுச் சேவையின் மாதிரி அமைப்புக் கோப்பில் இருக்கும் சாவியை அப்படியே விடாதீர்கள், உங்கள் சாவியைக் கிட்டிலும் (கோப்பு மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கருவி) ஏற்றாதீர்கள்.

ஒரே நிர்வாகி

இருக்கும் ஒரே கணக்கு முடங்கினால் நிர்வாகியாக உள்நுழைய வேறு கணக்கு இருக்காது; இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை இன்றே உருவாக்குங்கள்.