பகல் முழுக்கப் பால் கேக்கிற பிள்ளையைச் சமாளிக்கிறது எப்பிடி

இப்பத்தான் குடிச்ச பிள்ளையை ஏணையில கிடத்தி அரை மணித்தியாலம் ஆகேல்ல, திரும்பவும் வாயைத் திறந்து தேடுது எண்டா உடன வீட்டில ஆராவது "பால் காணாது போல, மாப்பால் கரைச்சுக் குடுப்பமே" எண்டு சொல்லுவினம். அன்பிலதான் சொல்லுறவை, ஆனா அதைக் கேட்டு மனம் உடையாதேங்கோ. சின்னப் பிள்ளையள் 24 மணித்தியாலத்தில 8 தொடக்கம் 12 தரம் குடிக்கிறது சாதாரணம், சிலது இன்னும் கூட, வயிறு சின்னன், தாய்ப்பால் கெதியாச் செமிச்சிடும். இடைவெளியும் சமனா வராது, பின்னேரத்தில விடாமத் தொங்கிக்கொண்டு இருக்கும். 2, 3 கிழமையிலயும் 6 கிழமையிலயும் 3 மாசமளவிலயும் திடீரெண்டு கூடக் கேக்கும், பிறகு சில நாளில அடங்கும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், மாப்பால் குடுத்தா அந்த நேரம் மார்பை உறிஞ்சாது, அந்தளவுக்குப் பாலும் குறையும்.

அதால மணிக்கூட்டைப் பாக்கிறதை விட்டிட்டுப் பிள்ளையைப் பாருங்கோ. நாக்கை நீட்டும், கையை வாயில வைக்கும், தலையைத் திருப்பித் தேடும், அப்பவே தூக்குங்கோ. கத்தி அழத் தொடங்கினாப் பிறகு வடிவாப் பிடிக்காது, முதல் நெஞ்சோட அணைச்சு ஆத்த வேணும்.

பிடிக்கிற விதத்திலதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. பிள்ளையின்ர வயிறு உங்கட வயித்தோட ஒட்ட வேணும், வாய் கொட்டாவி விடுற மாதிரிப் பெரிசாத் திறந்தாப் பிறகு, நாடி மார்பில முட்டுற மாதிரி அணையுங்கோ, காம்பு மட்டுமில்லை, சுத்தியிருக்கிற கறுப்புப் பகுதியும் வாய்க்குள்ள போக வேணும். தொடக்கத்தில வேகமா உறிஞ்சும், பால் இறங்கினவுடன நாடி ஆழமா இறங்கி ஏறும், கிட்டக் காது குடுத்தா மெல்லிசா விழுங்கிற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் நிண்டு சும்மா வாயை அசைச்சுக்கொண்டு கிடந்தா மார்பை மெல்ல அமத்திப் பாருங்கோ, அப்பவும் குடிக்காட்டி மற்றப் பக்கம் மாத்துங்கோ. நொந்துகொண்டே இருந்தா விரலை வாயோரத்தில விட்டு எடுத்துத் திரும்பப் பிடிக்க வைக்க வேணும், பல்லைக் கடிச்சுக்கொண்டு பொறுக்க வேண்டாம்.

இருக்கிற இடத்தை முதலே ஒழுங்குபடுத்தி வையுங்கோ. ஃபானுக்குக் கிட்ட சாயக்கூடின கதிரை, ரெண்டு தலகணி, தண்ணிப் போத்தல், துவாய், போன் சார்ஜர், கொறிக்கக் கொஞ்சம் கச்சான். முன்னால திறக்கிற நைற்றி எண்டா சுகம். முதுகு நொந்தாப் பக்கவாட்டில படுத்தபடி குடுங்கோ. மூத்த பிள்ளை இருந்தா பால் நேரத்துக்கு மட்டும் எண்டு ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் பக்கத்தில வையுங்கோ. சமையல், உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் வீட்டில மற்ற ஆக்கள் பாக்கட்டும், பிள்ளை பாக்க வாற சனத்தையும் விறாந்தையில இருத்தி அவையே கதைச்சு அனுப்பட்டும், இதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

சாப்பாடு பத்தியக்கறி, சரக்குத்தண்ணி, முருங்கையிலை எல்லாம் நல்லது, வயிறாரச் சாப்பிடுங்கோ. பால் சுரக்கும் எண்டு சுறாப்புட்டு தருவினம், சுறாவில பாதரசம் கூட, அடிக்கடி வேண்டாம், சூடை மாதிரிச் சின்ன மீனாப் பாத்து எடுங்கோ. தண்ணியைக் குறை எண்டு சொன்னாக் கேக்காதேங்கோ, தாகத்துக்குக் குடியுங்கோ. சித்திரை வெக்கையில பிள்ளை இன்னும் அடிக்கடி கேக்கும், அதுக்கும் பால்தான், 6 மாசம் வரைக்கும் தண்ணி தேவையில்லை.

முதல் கிழமைகளில பகலில 3 மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொண்டா எழுப்பிக் குடுங்கோ, உடுப்பைக் கழட்டி உள்ளங்காலை வருடினா முழிக்கும்.

பால் காணுதோ எண்டு அறிய அழுகையை நம்பாதேங்கோ, மார்பு மெத்தெண்டு இருக்கிறதையும் நம்பாதேங்கோ. முதல் கிழமை கழிஞ்சாப் பிறகு ஒரு நாளைக்கு 6 தரமாவது நல்லா மூத்திரம் போகுதோ, கிளினிக் கொப்பியில நிறைக் கோடு ஏறுதோ, இது ரெண்டுதான் சாட்சி. வீட்டுக்கு வாற மிட்வைஃபிட்ட ஒருக்காப் பால் குடுத்துக் காட்டுங்கோ, பிடி பிழையெண்டா அந்த இடத்திலயே திருத்தி விடுவா.

மூத்திரம் குறைஞ்சா, எழுப்ப ஏலாமச் சோர்ந்து கிடந்தா, கண் மஞ்சளாத் தெரிஞ்சா, காய்ச்சல் காஞ்சா அண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. உங்கட மார்பு சிவந்து கட்டிப்பட்டுக் காய்ச்சல் வந்தாலும் அப்பிடித்தான், டொக்டரிட்டக் காட்டுங்கோ, ஆனா அதுக்காகப் பால் குடுக்கிறதை நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ.