பேட்டரி மீட்டர் சர்க்யூட்டைத் திரையிலேயே சோதிப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகள் பலவும் வருஷத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், முன்னோர் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் பங்காளிகள் வந்து கூடுவார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

ஆகவே பேட்டரியின் வோல்ட்டேஜை ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) மூலம் படிக்கும் சின்ன சர்க்யூட், நம் ஊர் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ரொம்பப் பொருத்தமான முதல் புராஜெக்ட். பேட்டரி ஆய்வுக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது என்பது கூடுதல் சந்தோஷம். சாமான் வாங்கும் முன் இதைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் பிரவுசர் இருந்தால் போதும். ஆட்டோடெஸ்க்கின் டிங்கர்கேட் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, சர்க்யூட்ஸ் பகுதியில் புது டிசைன் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

சர்க்யூட்டைக் கட்டுவது

ஆர்டுயினோவின் ஊனோ போர்டில் வோல்ட்டேஜ் படிக்கும் முனை 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 வோல்ட் பேட்டரியோ சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். அதனால் வோல்ட்டேஜை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறோம். திரையில் பேட்டரிக்குப் பதிலாக ஒரு பவர் சப்ளையை வையுங்கள். அதன் பாசிட்டிவிலிருந்து 20 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனை பவர் சப்ளையின் நெகட்டிவுக்கு. இரண்டு ரெசிஸ்டரும் சேரும் புள்ளிதான் நமக்கு வேண்டிய இடம், பின்னால் ஆர்டுயினோ படிக்கப்போவது இங்கேதான். கடையில் 20 கிலோ ஓம் கிடைக்காவிட்டால் இரண்டு 10 கிலோ ஓமை வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் 200, 100 கிலோ ஓம் என்று பெரிய ரெசிஸ்டராகப் போடக்கூடாது? ஊனோவில் உள்ள சிப், தன்னிடம் வரும் சிக்னலின் மூலத் தடை (சிக்னல் வரும் வழியில் உள்ள தடை) சுமார் 10 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நம் இரண்டு ரெசிஸ்டரையும் அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் 6.67 கிலோ ஓம்தான், பிரச்சினை இல்லை.

மல்டிமீட்டர்

சிமுலேஷன் ஓட ஆரம்பிக்கும் முன் ஒரு பேப்பரில் எதிர்பார்க்கும் எண்ணை எழுதி வையுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். எண்ணை முதலில் எழுதாதவர், திரை காட்டும் எதையும் சரி என்று நம்பிவிடுவார். 12 வோல்ட்டுக்கு 4, 14.4க்கு 4.8, 10.5க்கு 3.5.

மல்டிமீட்டரை வோல்ட்டேஜ் நிலையில் வைத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இணையுங்கள். சிமுலேஷனைத் தொடங்குங்கள். இப்போது சிமுலேஷன் ஓடும்போதே பவர் சப்ளையின் வோல்ட்டேஜ் திருகியைத் திருப்புங்கள். மல்டிமீட்டர் எண் கூடவே ஏறி இறங்கும். ஒரு பேட்டரியின் முழு ஏற்ற இறக்கத்தையும் அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நிஜப் பேட்டரியில் இதற்கு மணிக்கணக்கு ஆகும்.

அடுத்து கரன்ட். சிமுலேஷனை நிறுத்திவிட்டு, பவர் சப்ளைக்கும் 20 கிலோ ஓமுக்கும் இடையில் உள்ள வயரை நீக்குங்கள். மல்டிமீட்டரை ஆம்பியர் நிலைக்கு மாற்றி, அந்த இடைவெளியில் போடுங்கள். 12 வோல்ட்டில் 0.4 மில்லி ஆம்பியர் வர வேண்டும். ஆம்பியர் மீட்டரை நேராகப் பவர் சப்ளையின் இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டால் அது ஷார்ட் சர்க்யூட். திரையில் பெரிய எண் வருவதோடு போகும், நிஜ மீட்டரில் ஃபியூஸ் போகும்.

இந்த 0.4 மில்லி ஆம்பியரைச் சும்மா விட வேண்டாம். பூட்டிய வீட்டில் வருஷம் முழுக்க இது ஓடினால் 8,760 மணி நேரத்தில் சுமார் 3.5 ஆம்பியர் மணி. 150 ஆம்பியர் மணி பேட்டரிக்கு இது தூசு. ஆனால் ஆர்டுயினோ போர்டே இதைவிடப் பல மடங்கு இழுக்கும், அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும்.

ஃபங்ஷன் ஜெனரேட்டரும் ஆசிலாஸ்கோப்பும்

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி வோல்ட்டேஜ் ஒரே நேர்கோடாக நிற்காது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் அதை டிசியாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள், அதாவது சின்ன அலை, மேலே ஏறிக்கொள்ளும். அதை ஃபங்ஷன் ஜெனரேட்டர் என்ற அலை உண்டாக்கும் கருவியால் நாமே உண்டாக்கி, அலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்ப்போம்.

சிமுலேஷனை நிறுத்தி, மல்டிமீட்டரைக் கழற்றுங்கள். பவர் சப்ளையின் பாசிட்டிவை ஃபங்ஷன் ஜெனரேட்டரின் நெகட்டிவ் முனைக்கும், அதன் பாசிட்டிவை 20 கிலோ ஓமுக்கும் கொடுங்கள். சைன் அலை, 100 ஹெர்ட்ஸ், ஆஃப்செட் பூஜ்யம். ஆம்ப்ளிட்யூட் என்பதைச் சில மென்பொருள் உச்சம் வரை கணக்கிடும், சில உச்சத்திலிருந்து பள்ளம் வரை கணக்கிடும். அதனால் ஆசிலாஸ்கோப்பை முதலில் ஜெனரேட்டரின் முனைகளிலேயே வைத்து, அலை மேலே 1, கீழே 1 வோல்ட் போகும்படி ஆம்ப்ளிட்யூடைச் சரி செய்யுங்கள்.

இனி ஆசிலாஸ்கோப்பை 10 கிலோ ஓமுக்குக் குறுக்கே மாற்றுங்கள். ஒரு கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட் என்று நேரத்தை வையுங்கள். 100 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 10 மில்லி செகண்ட் என்பதால் ஒரு சுற்று இரண்டு கட்டத்தில் அடங்கும். 4 வோல்ட்டை நடுவாக வைத்து 0.33 வோல்ட் மேலும் கீழும் அலை ஆடும். பேட்டரிக் கணக்கில் அது 1 வோல்ட் தவறு. 12 வோல்ட்டா 11 வோல்ட்டா என்று தெரியாத மீட்டர் எதற்கு?

சிமுலேஷனை நிறுத்தி, 10 கிலோ ஓமுக்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். நெகட்டிவ் கால் கிரவுண்ட் பக்கம். மறுபடி ஓட்டுங்கள். வோல்ட்டேஜ் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறி, மூன்றில் ஒரு செகண்டில் 4 வோல்ட்டில் உட்காரும். இந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்காதீர்கள். திரையில் ஓடும் சிமுலேட்டர் நேரத்தைப் பாருங்கள், கணக்கு கனமானால் அது நிஜ நேரத்தைவிட மெதுவாக நகரும். அடங்கியபின் ரிப்பிள் சுமார் 8 மில்லி வோல்ட்டாகச் சுருங்கியிருக்கும். ஊனோ பிரித்தறியும் மிகச் சிறிய படி 4.9 மில்லி வோல்ட், ஆகவே இந்த அளவு நமக்குப் போதும்.

இப்போது ஜெனரேட்டரின் ஃப்ரீக்வென்சியை மட்டும் 100லிருந்து 1 ஹெர்ட்ஸ் வரை இறக்குங்கள். ஆசிலாஸ்கோப்பின் நேரத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். அலை மறுபடி வளர்ந்து, 1 ஹெர்ட்ஸில் 0.31 வோல்ட்டைத் தொடும். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த இந்த ஃபில்டரின் வெட்டு எல்லை, அதாவது அதற்கு மேலுள்ள அலைகளை அது நன்றாக அடக்கத் தொடங்கும் இடம், 2.4 ஹெர்ட்ஸ் பக்கம். புத்தகத்தில் சூத்திரமாகப் படித்தது கண்முன் நடப்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் கிடைக்காது.

லேப்புக்குப் போகும் முன்

ஜெனரேட்டரைப் பவர் சப்ளையோடு வரிசையாகப் போட்டது திரையில் மட்டும்தான் சரி. கல்லூரி லேப்பில் உள்ள பெரும்பாலான ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஆசிலாஸ்கோப்புகளின் கிரவுண்ட் முனை, மூன்று முள் பிளக்கின் எர்த்தோடு இணைந்திருக்கும். இரண்டு கிரவுண்டும் சர்க்யூட்டில் வெவ்வேறு புள்ளியில் மாட்டினால், இடையில் உள்ள பகுதி எர்த் வழியாக ஷார்ட் ஆகிவிடும். நிஜத்தில் செய்யும்போது ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பவர் சப்ளையோடு நிறுத்திக்கொண்டு, ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பைப் பவர் சப்ளையின் நெகட்டிவில் மட்டும் மாட்டுங்கள். ரெசிஸ்டர்கள் 5 சதவீத ரகம் என்றால் 12 வோல்ட்டுக்கு 3.74 முதல் 4.27 வரை எதுவும் வரலாம். மல்டிமீட்டரில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த விகிதத்தையே ஆர்டுயினோ புரோகிராமில் கொடுங்கள்.