சீனாவின் சுவான்சோவில் ஒரு நாள்: சொதப்பாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சீனா என்றாலே பெய்ஜிங், ஷாங்காய் என்று கிளம்பிவிடுகிறோம். தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நாட்டில் ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால், என் ஓட்டு ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோவுக்குத்தான். மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று எழுதிய துறைமுகம் இது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நாளில், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கடைசியில் ஒரு வரி சீனம். 2021இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பார்க்க வேண்டியவை நெருக்கமாகவே இருக்கின்றன, ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளில் பாதியைக் கோட்டைவிட ஏகப்பட்ட வழிகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெயர்க் குழப்பங்கள்.

படி 1: வீட்டிலேயே போனைத் தயார் செய்யுங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

அடுத்தது பணம். இளநீர்க் கடை முதல் டாக்ஸி வரை எல்லாமே கியூஆர் கோடுதான். அலிபே செயலியை இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தைச் சரிபார்த்து, விசா அல்லது மாஸ்டர்கார்டை இணையுங்கள். இதை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். வங்கி அனுப்பும் ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும், அந்த நம்பர் சீனாவில் உயிரோடு இருக்குமா என்பது உங்கள் ரோமிங்கைப் பொறுத்தது. 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3% பிடிப்பார்கள். இது போக 200, 300 யுவானைச் சில்லறை நோட்டாகப் பையில் வையுங்கள். போன் செத்தால் கைகொடுப்பது அதுதான்.

வரைபடத்துக்கு கூகுளை நம்பாதீர்கள். சீனாவில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. ரோமிங் சிம்மில் திறந்தாலும், சீன வரைபடங்களின் ஆயத்தொலைவு முறை வேறு என்பதால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். காவ்தே என்கிற ஆமேப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் வரும்.

இப்போது ரொம்ப முக்கியமான வேலை. போக வேண்டிய ஒவ்வோர் இடத்தின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனி ஆல்பமாகச் சேருங்கள். நீங்கள் தங்கும் ஓட்டலின் பெயரும் முகவரியும் அதில் முதலில் இருக்கட்டும். நாம் வாயால் சொல்லும் பெயர் டிரைவருக்குப் புரிவது அபூர்வம், படத்தைக் காட்டினால் தலையசைத்துவிட்டு வண்டியை எடுப்பார்.

படி 2: சரியான ஊருக்கு டிக்கெட் எடுங்கள்

சிரிக்காதீர்கள். சுவான்சோவைத் தமிழில் 'குவான்சோ' என்றும் எழுதுகிறார்கள். கான்டன் என்று நாம் கேள்விப்பட்ட குவாங்சோ வேறு ஊர், வேறு மாகாணம். ரோமன் எழுத்தில் இதன் முதல் எழுத்து க்யூ, அதன் முதல் எழுத்து ஜி. விமான டிக்கெட் தளத்தில் அவசரத்தில் தட்டும்போது வித்தியாசம் கண்ணில் படாது. மாகாணம் ஃபூஜியன் என்று இருக்கிறதா பாருங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குச் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகச் சியாமென் போய் இறங்குவது வசதி. அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். இங்கே அடுத்த பொறி: சுவான்சோ, சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்று மூன்று நிலையங்கள். பின்னிரண்டும் 2023 செப்டம்பரில் திறந்த புதுப் பாதையில் வருபவை, ரயில் வேகமாகப் போகும் என்று செயலி அவற்றை முன்னால் காட்டும். பழைய நகரத்துக்குப் போக, பின்னொட்டு எதுவும் இல்லாத 'சுவான்சோ' நிலையம்தான் சுலபம். அங்கிருந்தும் பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். ஊரில் மெட்ரோ கிடையாது.

ரயில் டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும். சான்சே இல்லை, ஓர் எழுத்து பிசகினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

படி 3: காலையில் கையுவான் கோயில், பின்பக்கம் வரை

காலை எட்டு மணிக்கெல்லாம், கோயில் இருக்கும் மேற்கு வீதியில் இருங்கள். பத்து மணிக்கு மேல், அதுவும் அக்டோபர் முதல் வார விடுமுறையில், அந்தத் தெருவில் மனிதத் தலைகள்தான் தெரியும்.

வீதியைக் கடக்கும்போது ஒரு எச்சரிக்கை. சீனாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நமக்கு ஊறிப்போன பழக்கம் முதலில் வலப்பக்கம் பார்ப்பது, இங்கே ஆபத்து இடப்பக்கத்திலிருந்து வரும். மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல், எதிர்த்திசையிலும் நடைபாதையிலும்கூட வரும். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களுக்கான ஊர் இல்லை இது.

இந்தப் பௌத்தக் கோயில் 686இல் தொடங்கியது, நுழைவு இலவசம். இரண்டு பக்கமும் கல்லாலான கோபுரங்கள், மேற்கே 1237இல் முடித்தது, கிழக்கே 1250இல் முடித்தது. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு முகச் சிற்பம் ஒன்று உண்டு. அனுமனா, சீனக் கதைகளின் குரங்கரசனா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலோர் பிரதான மண்டபத்தில் புத்தரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போங்கள். மற்றத் தூண்களோடு ஒட்டாமல் இரண்டு கருங்கல் தூண்கள் தனியாகத் தெரியும். பதினாறு பட்டை, நடுநடுவே சதுரப் பகுதி, அதில் வட்டத்துக்குள் சிற்பங்கள். நிதானமாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர். முதலையிடமிருந்து மீளும் யானை. உரலோடு மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணன். பக்கத்தில் நிற்கும் சீனச் சுற்றுலாப் பயணிக்கு இவை வெறும் பூவேலை, உங்களுக்குப் பாட்டி சொன்ன கதை. இடிந்துபோன இந்துக் கோயிலின் தூண்களைப் பிற்காலத்தில் மிங் அரச மரபுக் காலத் திருப்பணியில் இங்கே நட்டிருக்கிறார்கள். மண்டபத்தின் முன்மேடை அடித்தளத்திலும் சிங்க உடலும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட கற்பலகைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். குனிந்து பார்க்க வேண்டும்.

வளாகத்தின் ஓரத்தில் பழங்கப்பல் கூடம் இருக்கிறது. 1974இல் ஹௌஜூ துறையில் சேற்றிலிருந்து எடுத்த சோங் அரச மரபுக் காலக் கப்பல். மிஞ்சிய அடிப்பகுதியே 24 மீட்டர் நீளம், உள்ளே 13 அறைகள். மிளகும் சாம்பிராணியும் வாசனைக் கட்டைகளும் அதில் கிடைத்தன. ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் தப்பிக்கும்படி தடுப்புச் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

படி 4: சாப்பாட்டில் ஏமாறாமல் இருக்க

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஊரே விருந்து: சிப்பி ஆம்லெட், இஞ்சி வாத்து, மாட்டிறைச்சி சூப். சைவர்களுக்குத்தான் பாடு. கீரைப் பொரியல் என்று கேட்டால் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது கீரைதானே. மீன், இறைச்சி, முட்டை, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது என்ற நான்கையும் தனித்தனியாகச் சீனத்தில் மொழிபெயர்த்துப் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக் கடை என்று நினைத்து ஜெல்லி வாங்குகிறவர்கள் கவனிக்க. இந்த ஊரில் கண்ணாடி போன்ற ஜெல்லி இரண்டு வகை. ஷிஹுவாகாவ் என்பது கடற்பாசியில் செய்தது, தேன் ஊற்றித் தருவார்கள், வெயிலுக்கு அமிர்தம். இன்னொன்று தூசுன்தொங். அது கடற்புழுவை வேகவைத்து அதன் சாறோடு உறையவிட்டது, ஊர்க்காரர்களின் பெருமை. ஜெல்லிக்குள் நூல் நூலாகச் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் அது இரண்டாவது வகை. பக்கத்தில் பூண்டும் வினிகரும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 5: மதியம் சரியான அருங்காட்சியகம்

சொதப்பல் அதிகம் நடக்கும் இடம் இது. ஊரில் 'சுவான்சோ அருங்காட்சியகம்' என்று ஒன்று மேற்கு ஏரிப் பக்கம் இருக்கிறது. நாம் தேடுவது அதுவல்ல. 'சுவான்சோ கடல்வழித் தொடர்பு வரலாற்று அருங்காட்சியகம்', கிழக்கு ஏரிப் பக்கம், தொங்ஹூ சாலையில். அருங்காட்சியகம் என்று மொட்டையாகச் சொன்னால் டிரைவர் முதல் இடத்துக்கு ஓட்டிவிடுவார். கோயிலில் கப்பலைப் பார்த்ததும் 'கடல் அருங்காட்சியகம் முடிந்தது' என்று டிக் அடிப்பவர்களும் உண்டு. அது கிளை மட்டும். திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே திங்களில் இந்தத் திட்டத்தை வைக்காதீர்கள்.

உள்ளே நேராகச் சமயக் கற்சிற்பங்கள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். 1934இல் கிடைத்த நான்கு கை விஷ்ணு, லிங்கத்தை வழிபடும் யானை, அரபு எழுத்துக் கல்லறைகள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடக்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்த தமிழ் வாணிகக் குழுக்கள் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி படித்ததன் கனம் இங்கேதான் புரிகிறது. எனக்கு மற்ற எல்லா இடங்களையும்விட இதுதான் பிடிக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு தூமென் வீதி. 1009இல் தொடங்கிய சிங்ஜிங் பள்ளிவாசலும் சீனர்கள் தெய்வமாக வணங்கும் பழைய தளபதி குவான் யூவின் கோயிலும் கூப்பிடு தூரத்தில். ஒன்றில் கூரையிழந்த கற்சுவர், மற்றதில் ஊதுபத்திப் புகை.

டிடி என்ற செயலி டாக்ஸியை அலிபேக்குள்ளேயே கூப்பிடலாம். வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கங்களைச் சரிபாருங்கள். டிரைவர் போன் செய்து சீனத்தில் ஏதோ கேட்பார், பதறாமல் செயலியின் செய்திப் பெட்டியில் 'வாசலில் நிற்கிறேன், சிவப்புச் சட்டை' என்று எழுதுங்கள். தானே மொழிபெயர்த்து அனுப்பும்.

படி 6: மாலையில் லோயாங் பாலம்

வரைபடத்தில் 'லோயாங்' என்று மட்டும் தட்டினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஹெனான் மாகாணத்து லோயாங் நகரம் வரும். 'பாலம்' என்பதும் சேர்ந்த சீன எழுத்துகளை ஒட்டித் தேடுங்கள். பழைய நகரத்திலிருந்து வடகிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

1053 முதல் 1059 வரை, ஆளுநர் ட்சாய் சியாங் காலத்தில் கட்டிய கற்பாலம் இது. எழுநூறு மீட்டருக்கு மேல் நீளம். படகு முனை போலக் கூராக்கிய தூண்கள் ஓட்டத்தைக் கிழிக்கும். அடித்தளக் கற்கள் நகராமலிருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள், அவை ஒட்டிப் பெருகிக் கற்களை இறுக்கிப் பிடித்தன. இதைக் கண்ணால் பார்க்க நீர் வற்றிய நேரத்தில் போக வேண்டும். அன்றைய கடல்மட்ட அட்டவணையை இணையத்தில் பாருங்கள். ஓதம் ஏறியிருந்தால் நடைபாதைக் கல் மட்டும்தான் தெரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2023 ஜூலை 28இல் டோக்சுரி புயல் இந்தப் பகுதியில்தான் கரையேறியது. புயல் எச்சரிக்கை வந்தால் பாலத்தை விட்டுவிடுங்கள், ரயிலே ஓடாது.

திரும்பும்போது

மாலைக்குள் போன் பேட்டரி தரை தட்டியிருக்கும். கடைகளில் வாடகை பவர் பேங்க் உண்டு, கியூஆரை ஸ்கேன் செய்து எடுத்து வேறு கடையில் திருப்பலாம். சொந்தப் பவர் பேங்க் வைத்திருந்தால், சீன உள்நாட்டு விமானத்தில் 2025 ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாததை அனுமதிப்பதில்லை, வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் முக்கால் மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். பைகளை ஸ்கேன் செய்ய வரிசை உண்டு. தானியங்கி வாசல் பாஸ்போர்ட்டைப் படிக்க மறுத்தால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாசலுக்குப் போய்க் காட்டுங்கள். ரயில் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போதே அதையும் மூடிவிடுவார்கள்.