பலாக்கட்டையில் ஸ்டூல்: கடலோர வீட்டுக்கு ஆணியில்லாத வேலை

கடலூர், புதுச்சேரி பக்கம் ஆணியடித்த ஸ்டூல் சீக்கிரம் ஆடிவிடும். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதி, சித்திரை வெயிலில் சுருங்கும். ஆணி நின்ற ஓட்டை அகலமாகும். ஒரு கட்டையில் துளையிட்டு, அதில் நுழையும்படி மறு கட்டையின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கிப் பூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. 18 இஞ்ச் உயர ஸ்டூலுக்கான அளவுகள் இவை. 1 இஞ்சுக்கு 8 நூல் கணக்கு.

பண்ருட்டிப் பக்கத்துப் பலா கைவேலைக்கு அருமையான மரம். மஞ்சளாக இருக்கும் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெளிர்கட்டையைப் பூச்சி அரிக்கும். காற்றில் சாய்ந்த மரமென்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் இங்கே பலாவும் முந்திரியும் ஏராளமாக விழுந்தன. அப்படி விழுந்த மரத்தில் நார் குறுக்கே நொறுங்கி, மயிரிழைக் கோடாக ஒளிந்திருக்கும். ஒரு முகத்தை இழைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தக் கட்டை காலுக்கு ஆகாது.

ஈரம் போயிற்றா என்று தெரிய, நடுப்பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். மூன்று வாரம் எடை மாறாவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

கால் 4: 1¾ இஞ்ச் சதுரம், 17 இஞ்ச் உயரம். தலைப்பக்கம் 1 இஞ்ச் கூடுதலாக விட்டு அறுங்கள். துளையடிக்கும்போது நுனி பிளக்காது. கால்களை இணைக்கும் மேல்சட்டம் 4: 2½ இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனம், இரண்டு 10½ இஞ்ச் நீளம், இரண்டு 7½. கீழ்ச்சட்டமும் அதே நீளம், அதே கனம், 1½ இஞ்ச் அகலம். எல்லா நீளத்திலும் இருபுறமும் 1 இஞ்ச் கழுந்து அடக்கம். மேல்பலகை 14க்கு 11, கனம் 1 இஞ்ச்.

துளைதான் இந்த ஸ்டூலின் உயிர். துளையும் கழுந்தும் 3 நூல் கனம். 3 நூல் உளியின் அகலத்துக்கே மார்க்கிங் கேஜை (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) வைத்து, ஒவ்வொரு கட்டையிலும் வெளிமுகத்திலிருந்தே கோடு போடுங்கள். முகம் மாறினால் சட்டம் காலில் முன்பின்னாக நிற்கும். மேல்துளை காலின் 17 இஞ்ச் கோட்டுக்கு 4 நூல் கீழே தொடங்கி 2 இஞ்ச் ஓடும். உளியை நிமிர்த்திப் பிடித்து, நடுவிலிருந்து ஒவ்வொரு நூலாக நகர்த்திக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) அடியுங்கள். இரு முனையிலும் 1 நூல் மரத்தைக் கடைசிவரை விட்டுவைத்தால், சில்லைக் கிளப்பும்போது உளியின் முதுகு விளிம்பை நசுக்காது. ஆழம் 1 இஞ்சுக்குச் சற்று மேல். உளியில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டங்களை ஒரே மட்டத்தில் வைக்காதீர்கள்: குட்டைப் பக்கம் தரையிலிருந்து 4 இஞ்சில், நீளப் பக்கம் 6 இஞ்சில். ஒரே மட்டமென்றால் துளைகள் உள்ளே சேர்ந்து கால் பலவீனப்படும்.

மேல்சட்டங்களுக்கு வேறு வழியில்லை, இரண்டு கழுந்தும் உள்ளே முட்டும். நுனிகளை 45 டிகிரி சாய்வாக அறுங்கள். கழுந்தின் மேல்விளிம்பில் 4 நூலை வெட்டி எடுங்கள். தோள்கோட்டை, அதாவது கழுந்து தொடங்கும் இடத்துக் கோட்டை, பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். ரம்பம் அந்தக் கீறலில் உட்காரும், விளிம்பு பிசிறாது. கழுந்து கையால் பாதி நுழைந்து, மீதி நாலைந்து தட்டில் இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும். மெல்ல இழைத்துக் குறையுங்கள். லொடலொடத்தால் ஒரு சீவலைக் கழுந்தின் தட்டையான பக்கத்தில் பசையிட்டு ஒட்டிக் காயவைத்து மறுபடி செதுக்குங்கள். பசையை மட்டும் நம்பி இடைவெளியை நிரப்பக் கூடாது.

மேல்சட்ட மூட்டுகளைக் குறுக்கே பூட்ட 2 நூல் கன மூங்கில் முளை (குச்சி). முதலில் கழுந்தைச் செருகாமல், காலில் மட்டும், சட்டம் சேரும் விளிம்பிலிருந்து 3 நூல் தள்ளித் துளையிடுங்கள். கழுந்தைச் செருகி, துளையின் மையத்தைக் குறித்து, வெளியே எடுத்து, குறியிலிருந்து அரை நூல் தோள்பக்கம் தள்ளிக் கழுந்தில் துளையிடுங்கள். முளை இறங்கும்போது சட்டத்தைக் காலோடு இறுக்கும். தவறி நுனிப்பக்கம் தள்ளினால் தோள் விலகிவிடும்! பக்கத்து முளைகளை 4 நூல் மேலும் கீழுமாக வைத்தால் உள்ளே மோதாது. தண்ணீர் தாங்கும் பசை போதும். காய்ந்ததும் கூடுதல் தலையை அறுத்துவிடுங்கள்.

மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டவோ ஆணியடிக்கவோ வேண்டாம். 11 இஞ்ச் பலகை மழைக்காலத்தில் ஒரு நூல் அளவுக்குக்கூட விரியலாம்; கட்டிப்போட்டால் வெடிக்கும். நீளச் சட்டங்களின் உட்பக்கம் பக்கத்துக்கு இரண்டு சிறு காடி (பள்ளம்) வெட்டி, அதில் மரநாக்கு (சிறு மரத்துண்டு) நுழைத்து, பித்தளைத் திருகாணியால் நாக்கைப் பலகையோடு முடுக்குங்கள். நாக்கின் நுனிக்குக் காடியில் 1 நூல் இடம் விடுங்கள்.

ஸ்டூலுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள். உளிகளைத் தையல் மிஷின் எண்ணெய்த் துணியால் அன்றன்றே துடைத்து வையுங்கள். கடற்காற்று ஓர் இரவிலேயே அவற்றைத் துருவேற்றும்.