தள்ளுவதற்கு முன் தடையைத் தேடுங்கள்

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் பத்தொன்பது பருவம் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒரு ஜூன் மாதம், கூழில் கரும்புள்ளி விழுகிறது என்று ஆய்வகம் டிரம் டிரம்மாக நிறுத்தி வைத்தது. பெல்ட்டில் பழம் பொறுக்கும் பெண்கள் அழுகலை விட்டுவிடுகிறார்கள் என்றது நிர்வாகம். எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள், அபராதம் போட்டார்கள். நான்கு நாள் புள்ளி குறைந்தது. ஐந்தாம் நாள் பழையபடி ஆனது.

ஏன் என்பதற்கு கர்ட் லெவின் பதில் வைத்திருக்கிறார். 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் அவர். ஒரு பழக்கம் அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் முன்னே தள்ளும் விசைகளும் பின்னே பிடித்திழுக்கும் விசைகளும் அங்கே சமமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கமும் கூடும். பிடித்திருப்பதைத் தளர்த்தினால், இருக்கிற விசையே போதும், வேலை தானாக நகரும்.

செய்முறைக்கு ஒரு சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். நடுவில் கோடு போட்டு, அதன் தலையில் இன்றைய நிலையை எண்ணிக்கையாக எழுதுங்கள்: இந்த ஷிப்டில் எத்தனை டிரம் நின்றது என்று. இடப்பக்கம் தள்ளுபவை, வலப்பக்கம் தடுப்பவை. வலப்பக்கத்தில் ‘அலட்சியம்’, ‘பொறுப்பின்மை’ போன்ற சொற்களை எழுதவே கூடாது. இதில் நான் கண்டிப்பானவன். கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றை எழுதும்வரை பேனாவை மூடாதீர்கள்.

அதற்கு அலுவலக நாற்காலி உதவாது. நான் பெல்ட்டின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். கழிவுப் பழம் போடும் கிரேட், அதாவது பெட்டி, பொறுக்கும் பெண்களின் முதுகுப் பக்கம் இருந்தது. ஒரு பழத்தைப் போடத் திரும்புவதற்குள் ஏழெட்டுப் பழம் நகர்ந்துவிடும். விளக்கும் பின்னால்தான், அவரவர் நிழல் அவரவர் பழத்தின் மேலேயே விழுந்தது. பெங்களூரா பழத்தில் காம்படிக் கருப்பு அந்த நிழலில் எப்படித் தெரியும்?

மூன்றாவது தடையை நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். வயதில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: “கிரேட் சீக்கிரம் நிறைந்தால், பழத்தை வீணாக்குகிறீர்கள் என்று எங்களைத்தான் ஏசுகிறார்கள், சார்.” கழிவு குறைய வேண்டும், புள்ளியும் இருக்கக்கூடாது என்று இரண்டு கட்டளைகளை ஒரே கையில் கொடுத்திருந்தோம். அமெரிக்க மேலாண்மை அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் இரட்டைச் சுழற்சிக் கற்றல் என்று சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. பிழையை மட்டும் திருத்துவது ஒற்றைச் சுழற்சி; அந்தப் பிழையை உண்டாக்கும் விதியையே கேள்வி கேட்பது இரட்டை. கழிவு எடையைப் பொறுக்குபவர்களின் கணக்கிலிருந்து எடுத்து, லாரி இறங்கும் இடத்துச் சோதனையோடு சேர்த்தோம்.

தடைகளில் எதை முதலில் தொடுவது? பெரியதை அல்ல, நாளைக் காலைக்குள் முடிகிறதைத் தொடுங்கள். கிரேட்டும் விளக்கும் ஒரே இரவில் முன்பக்கம் வந்தன. எந்த உயரத்தில் என்பதை அந்தப் பெண்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில், பழக்கமில்லாத உள்ளுறுப்பு இறைச்சியைச் சமைக்க வைக்க லெவின் ஒரு சோதனை நடத்தினார். சொற்பொழிவு கேட்ட பெண்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். குழுவாகப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேர்.

இளக்குவது, நகர்த்துவது, மீண்டும் உறைய வைப்பது என்று மூன்று படிகளை அவர் சொன்னார். மூன்றாவதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மறு பருவம் புது ஆட்கள் வந்தபோது கிரேட் பழைய இடத்துக்கே போயிருந்தது. அதன் பிறகு தரையில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போட்டு, ஷிப்ட் மாற்றும் பதிவேட்டில் ‘கிரேட் கட்டத்தில் உள்ளதா’ என்று ஒரு வரியையும் சேர்த்தோம்.