கெட்டிமேளம் கொட்டும்போது போட்டோகிராபர் எங்கே நிற்கிறார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணங்களுக்குத் தவில் வாசிக்கிறவன் நான். மேளக்காரர்களுக்கு மணவறையின் பக்கவாட்டில்தான் ஜமுக்காளம் விரிப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் மாப்பிள்ளை, பெண், ஐயர், ஓமகுண்டம் எல்லாம் தெரியும். போட்டோகிராபர் அடிக்கிற கூத்தும் ஒன்று விடாமல் தெரியும். அதனால்தானோ என்னவோ, சுபமுகூர்த்தம் குறித்த கையோடு, "அங்கிள், போட்டோவுக்கு யாரை வைக்கலாம்?" என்று பெண் வீட்டார் என்னிடம் கேட்கிறார்கள். பெயர் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆளை எப்படிப் பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே ஒன்று கேளுங்கள்: "தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" விஷயம் தெரிந்தவர் உடனே உங்களிடம் திருப்பிக் கேட்பார். மணவறைக்கு எத்தனை படி? பெண் எந்தப் பக்கம் உட்காருவாள்? மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும் வழக்கமா? தெரியாதவர், "கவலைப்படாதீங்க, எல்லாம் கவர் பண்ணிடுவோம்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஊரில் இந்தக் கேள்விக்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே ஒரே போட்டோகிராபர் இந்தி வீட்டுக் கல்யாணம், குஜராத்திக் கல்யாணம், தெலுங்கர் கல்யாணம், நம் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் போகிறார். இந்தி வீட்டில் அக்கினியைச் சுற்றி வந்த பிறகுதான் வகிட்டில் சிந்தூரம். தெலுங்கர் வீட்டில் தலையில் சீரகமும் வெல்லமும் வைக்கும் நேரமே முகூர்த்தம். நம் வீட்டிலோ தாலி முதலில், அக்கினி வலம் பிறகு. அங்கே பழகிய ஆள், இன்னும் வலமே வரவில்லையே என்று சாவகாசமாக லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். இங்கே ஐயர் விரலைத் தூக்கிவிடுவார்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தாலி வைத்த தேங்காய்த் தட்டு சபையைச் சுற்றி வரும். பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுவார்கள், ஆளாளுக்கு அட்சதை எடுத்துக்கொள்வார்கள். தட்டு மறுபடி மணவறைப் படி ஏறும்போது நான் குச்சியை இறுக்கிப் பிடித்துவிடுவேன். "கெட்டிமேளம்!" என்று ஐயர் சொன்னதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை நாலைந்து மூச்சு இழுக்கிற நேரம்தான். அதற்குள் அத்தைமார் முன்னால் பாய்வார்கள், கைபேசிகள் உயரும், அட்சதை மழையாகக் கொட்டும். கீழே நிற்கும் கேமராவுக்கு முதுகுகள்தான் கிடைக்கும். நல்ல ஆள், தட்டு திரும்பும்போதே குத்துவிளக்குப் பக்கம் மண்டியிட்டிருப்பார். அவருடைய கூட்டாளி எதிர்ப்பக்கம். ஒருவருக்குப் பெண்ணின் முகம், மற்றவருக்கு முடிச்சு. கன்னத்தில் அரிசி வந்து விழும், இருவரும் அசைய மாட்டார்கள். தவறவிட்டுவிட்டு, "ஐயரே, ஒன் மோர் டைம்" என்று கேட்ட ஒருவரையும் பார்த்திருக்கிறேன். கட்டின தாலியை அவிழ்த்தா கட்டுவார்கள்? அன்றைக்கு அந்தப் பெண்ணின் பாட்டி பார்த்த பார்வையில் ஓமகுண்டமே அணைந்திருக்கும்.

தாரை வார்ப்பது, பொரியிடுவது, அம்மி மிதித்து மெட்டி போடுவது, அருந்ததி பார்ப்பது எல்லாம் இதே அவசரத்தில்தான் நடக்கும். சடங்கு வரிசையை ஐயரிடம் கேட்டு எழுதி போட்டோகிராபரிடம் கொடுங்கள். வாங்கிப் படிக்கிறாரா, மடித்துப் பையில் போடுகிறாரா என்று பார்த்தால் மீதி தெரிந்துவிடும்.

அடுத்தது, அவர் எடுத்த படங்கள். இன்ஸ்டாகிராமில் இருப்பது பொறுக்கி எடுத்த முத்து. அதை வைத்து ஆளை எடை போடாதீர்கள். ஒரே கல்யாணத்தின் படங்களைக் காலை முதல் கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் மண்டபம் மாதிரியான இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். கடற்கரைப் புல்வெளியில் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மேலே டியூப் லைட்டும் பக்கத்தில் டிஜேயின் ஊதா விளக்கும் எரிகிற ஹாலில் என்ன வந்தது என்பதுதான் கேள்வி. படத்தின் குறுக்கே வரிவரியாக இருட்டுப் பட்டை விழுந்திருந்தால், எல்.இ.டி. விளக்கின் துடிப்புக்கு ஏற்பக் கேமராவைத் திருத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ஓமப் புகை எழும்போது எடுத்த படத்தைத் தேடுங்கள். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்திருந்தால் புகையில் வெளிச்சம் பட்டு எல்லாம் வெள்ளையாகத் திரையிட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து அடித்திருந்தால் புகையும் அழகு, முகமும் தெளிவு.

பிறகு நிறம். குங்குமம் ஆரஞ்சாகிவிட்டதா, மாவிலைத் தோரணம் சாம்பல் பூத்ததா, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பான மாமாவை ஆல்பத்தில் வெளுத்துக் காட்டுகிறவரை நான் சேர்க்கவே மாட்டேன். மாமாவுக்கு மாமா நிறம்தான் அழகு.

நேரில் பேசியவரே கல்யாணத்துக்கு வருவாரா என்று எழுதி வாங்குங்கள். பெரிய ஸ்டூடியோவில் பேசுவது ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பது வேறொரு பையன்.

எழுதுவது என்றதும் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே அந்தப் படத்தின் பதிப்புரிமை. நிறைய பேருக்கு இது தெரியாது. எடுத்தவருக்குத்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் அதை மாற்றி எழுதிக்கொள்ள முடியும். பொடி எழுத்தில் உரிமை முழுவதும் ஸ்டூடியோவுக்கே என்று இருக்கிறதா, உங்கள் பெண்ணின் நலங்குப் படத்தைக் கேட்காமலே விளம்பரத்தில் போடலாம் என்று இருக்கிறதா, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மஞ்சள் பூசி நிற்கிற பிள்ளையை ஊரே பார்க்க எல்லா வீட்டிலும் சம்மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது. எத்தனை படம், எந்த அளவு, எந்தத் தேதிக்குள், ஆல்பம் சேர்த்தா தனியா என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும். சொன்ன விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எட்டு மணி நேரம் என்றால் பெண் அலங்காரத்திலிருந்து கணக்கா, முகூர்த்தத்திலிருந்து கணக்கா? சனி இரவு நலங்கு வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாதிரி 80 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால் பயணச் செலவு யாருடையது?

ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமரா வேண்டும். அதைவிட முக்கியம், கல்யாணம் முடிந்ததும் அந்தக் கார்டுகள் எங்கே போகும் என்பது. இங்கே கார் ரிமோட்டை ஜாம் பண்ணித் திருடுகிறார்கள். பூட்டியதாக நினைத்து நாம் நடந்துவிடுவோம். கேமராப் பை போனால் இன்சூரன்ஸ் கொடுக்கும், தாலி கட்டிய படத்தை யார் கொடுப்பது? கார்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும், அன்று இரவே நகல் எடுக்க வேண்டும். லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு இப்போது பெரிதாக இல்லை. இருந்தாலும் 2023-ஐ மறந்துவிடாதீர்கள், பேட்டரியில் எரிகிற விளக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ட்ரோன் பற்றி இளசுகள் அடம் பிடிப்பார்கள். காசுக்கு ட்ரோன் பறக்கவிட இங்கே விமானத் துறையின் உரிமம் வேண்டும். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தனி அனுமதி இல்லாமல் கூடாது. லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் இருப்பதால் டோங்காட் பக்கக் கல்யாணத்துக்கு அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. வெளியே ஜோடிப் படம் எடுக்க ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், டிசம்பரில் ஏழு வரை வெளிச்சம் இருக்கும். தஞ்சாவூர்க்காரனான எனக்கு உச்சி வெயில் வடக்கிலிருந்து அடிப்பது பழக நாளானது. படம் எடுப்பவருக்கு அது பழகியிருக்க வேண்டும்.

தேதி நெருக்கடியும் உண்டு. ஆடி ஆகாது, புரட்டாசி விரதம், மார்கழியும் ஆகாது. புரட்டாசிக்கும் மார்கழிக்கும் நடுவில் வரும் ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகளுக்கு எல்லாரும் மோதுகிறார்கள். மண்டபம் பிடித்த வாரமே போட்டோகிராபரையும் பிடித்துவிடுங்கள்.

கல்யாணத்தன்று உறவுமுறை தெரிந்த ஒரு சித்தப்பாவையோ அக்காவையோ போட்டோகிராபருடன் விடுங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோர்களில் பலருக்குக் கப்பல் பட்டியலில் ஓர் எண்தான் மிச்சம், முகம் இல்லை. அதனால் தாத்தா பாட்டிமார் படத்தை முதலில் முடித்துவிடச் சொல்லுங்கள், அவர்கள் களைத்து நாற்காலியில் சாய்வதற்கு முன்னால். நண்பர்கள் கூட்டம் சாப்பிட்டு வந்தும் நிற்கலாம்.

இன்னொன்று, கேமராக்காரர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் முதல் பந்தியிலேயே இடம் போடச் சொல்லுங்கள். கடைசிப் பந்தியில் எங்களுக்குச் சோறும் பருப்பும்தான் மிஞ்சுகிறது.