வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அடிப்படையில் அது கண்மாய். காலண்டரை மட்டும் நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன் என்பது வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்த ஆண்டுக்குத்தான் பொருந்தும். கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நாயும் பூனையும் கூட்டை நெருங்காது; மீனும் நத்தையும் இரையாகக் கிடைக்கும். "கண்மாயில தண்ணி கிடக்கா?" என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

காரைக்குடியின் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிவிட்டு உச்சிவெயிலில் வந்து நிற்பது அடுத்தது. காலை ஆறரைக்கு வாருங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாமே கருப்பு உருவம்தான்.

நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அலகில் இடைவெளி இல்லை, ஆகவே நத்தைகுத்தி நாரை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது.

பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுவது, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது, டிரோன் விடுவது: மூன்றுமே கூட்டைக் காலி செய்யும் வேலை. தாய் எழுந்த சில நொடிகளில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். இறகு முளைக்காத குஞ்சுக்குத் தாயின் சிறகுதான் நிழல். அது விலகினால் வெயிலே கொன்றுவிடும். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. விருந்தாளி சத்தம் போடுவது அழகா?

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 12 மடங்கு என்றால் கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும். தட்டானும் பார்க்க வேண்டுமென்றால் 2 மீட்டரில் தெளிவு கிடைக்கும் கருவியாக வாங்குங்கள். கொசு மருந்தைப் பூசிய கையோடு அதைத் தொடாதீர்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும்.

தட்டானுக்கு விடியற்காலை சரிப்படாது, உடம்பு சூடேற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கரையோரப் புல்லில் தேடுங்கள். பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். பல வகைகள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். உங்கள் நிழல் அந்தக் குச்சியில் விழாதபடி மட்டும் தள்ளி நில்லுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும்.